வீடியோ வழியே வில்லங்கம்!

சிசிடிவி பெட்டியிலும் செல்போனிலும் படத்தைச் சுருக்கி விரிக்கும் சிப்கள் ஹேக்கர்களின் குறியாகியிருக்கின்றன. நாம் என்ன செய்ய வேண்டும்?

2016 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் காலை ஏழு மணி. வேலைக்குக் கிளம்பியவர்கள் செல்போனைத் தொட்டால் ட்விட்டர் திறக்கவில்லை. ஸ்பாட்டிஃபை பாடவில்லை. ரெட்டிட், நெட்ஃபிளிக்ஸ் என்று எதைத் தட்டினாலும் வெற்றுத் திரை. கோளாறு யார் வீட்டு இணைப்பிலும் இல்லை. இணைய முகவரிகளுக்கு வழிகாட்டும் 'டைன்' நிறுவனத்தின் சர்வர்கள் மீது, உலகின் மூலைமுடுக்குகளிலிருந்து போலிக் கோரிக்கைகள் கொட்டிக்கொண்டிருந்தன. பழுதுபார்த்து நிமிர்வதற்குள் நண்பகலில் அடுத்த அலை வந்தது. அன்றைய பகல் முழுக்க இதே கதைதான்.

தாக்கியது எந்த நாட்டுப் படை? எந்த சூப்பர் கம்ப்யூட்டர்? விசாரித்தவர்களுக்குக் கிடைத்த பதில் வேடிக்கையானது. தாக்கியவற்றில் பெரும்பகுதி கடைகளிலும் வீடுகளிலும் சுவரோரம் தூசு படிந்து கிடந்த சிசிடிவி கேமராக்களும், அவற்றின் படத்தைப் பதிவுசெய்யும் டிவிஆர் பெட்டிகளும். 'மிராய்' என்ற சிறு வைரஸ் இணையத்தில் சுற்றிச் சுற்றி வந்து, ஆலையிலிருந்து வந்தபோது வைத்த பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அதன் கையிலிருந்த பட்டியலில் அறுபதுக்குச் சற்று அதிகமான ஜோடிகள்தான். லட்சக்கணக்கான கருவிகளை வளைக்க அதுவே போதுமானதாக இருந்தது.

பல பெட்டிகளில் அந்தப் பாஸ்வேர்டை உரிமையாளர் நினைத்தாலும் மாற்ற முடியாது. அது மென்பொருளின் அடியில் பதிக்கப்பட்டிருந்தது. திரையில் தெரியும் அமைப்புப் பக்கத்தில் அதற்கு இடமே இல்லை. உதிரிபாகங்களைத் தயாரித்த சீன நிறுவனமான சியோங்மாய், அமெரிக்காவில் விற்ற சில கேமராக்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. மிராயை எழுதிய மூன்று இளைஞர்கள் 2017 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மூலநிரலை அவர்கள் ஏற்கெனவே இணையத்தில் வெளியிட்டுவிட்டதால், அதன் வாரிசுகள் இன்றும் உலவுகின்றன.

டிவிஆர் பெட்டியை நாம் கம்ப்யூட்டர் என்று நினைப்பதில்லை. அதற்குள் லினக்ஸ் ஓடுகிறது, மெமரி இருக்கிறது, நெட்வொர்க் இணைப்பு இருக்கிறது. இவையெல்லாம் ஒரு வேலைக்காகத்தான்: வீடியோவைச் சுருக்குவது. சுருக்கப்பட்டதை விரித்துக் காட்ட உங்கள் செல்போனுக்குள்ளும் டிவிக்குள்ளும் தனி வன்பொருள் இருக்கிறது. கடந்த பத்தாண்டுகளின் மோசமான ஊடுருவல்களில் பல இந்த ஒரு கண்ணியைப் பிடித்துத்தான் நடந்திருக்கின்றன.

சுருக்காவிட்டால் வீடியோவே இல்லை

அடுத்தடுத்த இரண்டு காட்சிகளுக்கு இடையே பெரும்பாலும் எதுவும் மாறுவதில்லை. சுவர் அப்படியே இருக்கிறது, ஆள் மட்டும் நகர்கிறார். எனவே முழுப் படத்தையும் திரும்பத் திரும்ப அனுப்பாமல், மாறியதை மட்டும் குறித்து அனுப்புவதுதான் சுருக்கத்தின் அடிப்படை. இதற்கான விதிமுறையைக் கோடெக் என்கிறோம். 2003இல் வந்த எச்.264 இன்றும் உலகை ஆள்கிறது. 2013இல் எச்.265, 2018இல் ஏவி1 வந்தன.

கோடெக்கின் விதிநூல் நூற்றுக்கணக்கான பக்கங்கள் நீளும். வீடியோவை எப்படி விரிக்க வேண்டும் என்பதைத்தான் அது வரையறுக்கிறது. சுருக்குவது அவரவர் சாமர்த்தியம். ஆகவே விரிப்பவன், யாரோ எங்கோ சுருக்கி அனுப்பிய எதையும் வாங்கிப் பிரித்தாக வேண்டும். அளவு என்ன, எந்தப் பழைய காட்சியைப் பார்க்க வேண்டும், எந்தக் கட்டம் எங்கே நகர்ந்தது என்று ஆயிரக்கணக்கான எண்களை, முன்பின் தெரியாதவர் அனுப்பிய கோப்பிலிருந்து படித்து அதன்படி நடக்க வேண்டும். அந்த எண்களில் ஒன்று பொய்யாக இருந்தால்? இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

■ பெட்டிச் செய்தி: கணக்கு இதுதான்
• ஒரு ஃபுல் எச்டி காட்சியில் 1920 x 1080, அதாவது 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள்.
• புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 25 காட்சி என்றால் ஒரு நொடிக்கு சுமார் 15.5 கோடி பைட்.
• சுருக்காமல் ஒரு நாள் பதிவுசெய்தால் ஒரே கேமராவுக்கு 13 டெராபைட்டுக்கு மேல் இடம் வேண்டும்.
• நொடிக்கு 4 மெகாபிட் என்று சுருக்கினால் அதே ஒரு நாள் சுமார் 43 ஜிபியில் அடங்கிவிடும். கிட்டத்தட்ட முந்நூறில் ஒரு பங்கு.

இவ்வளவு கணக்கைப் பொதுவான பிராசஸரில் போட்டால் பேட்டரி கரைந்துவிடும். எனவே சிப்புக்குள்ளேயே இதற்கென்று தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது. அதை இயக்க ஒரு டிரைவர் மென்பொருள், பல கருவிகளில் அந்தப் பகுதிக்கே சொந்தமாக ஒரு ஃபர்ம்வேர், அதாவது வன்பொருளுக்குள் பதிந்த நிரல். வேகத்துக்காக இந்த வன்பொருள் மெயின் மெமரியில் நேரடியாக எழுதும். இங்கே எழுதலாம், இங்கே கூடாது என்று தடுக்கும் காவல் சரியாக இல்லையென்றால், பழுதான ஒரு வீடியோ மற்றவர்களின் மெமரியையும் அழித்து எழுதிவிடும். டிரைவரோ இயங்குதளத்தின் உச்ச அதிகார மையமான கர்னலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒரு சறுக்கல் நேர்ந்தால் கருவி மொத்தமும் கைமாறும்.

ஒரே பெட்டி, பல பெயர்

தேவாலய ஆராதனை, கல்லூரி விழா, விளையாட்டுப் போட்டி ஆகியவற்றை நேரலையாக ஒளிபரப்ப ஒரு சிறு பெட்டி பயன்படுகிறது. ஒரு பக்கம் கேமராவின் எச்டிஎம்ஐ வயர், மறுபக்கம் நெட்வொர்க் வயர். நடுவே வீடியோவைச் சுருக்கி யூடியூபுக்கோ கேபிள் நெட்வொர்க்குக்கோ அனுப்புவது இந்த 'வீடியோ என்கோடர்'.

2020 செப்டம்பரில் அலெக்ஸி கொஜெனோவ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், ஹைசிலிக்கான் சிப்பில் இயங்கும் இத்தகைய என்கோடர்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். ஹைசிலிக்கான் என்பது ஹுவாவேயின் சிப் பிரிவு. அவர் அடுக்கிய குறைகள் ஒன்றை ஒன்று மிஞ்சின. உரிமையாளர் என்ன பாஸ்வேர்டு வைத்தாலும் அதைத் தாண்டி நிர்வாகியாக நுழையவிடும் பின்வாசல் பாஸ்வேர்டு. டெல்நெட் என்ற பழைய தொலை இணைப்பு வழியே முழு அதிகாரம். பெட்டிக்குள் இருக்கும் எந்தக் கோப்பையும் வெளியிலிருந்து படிக்கும் வழி. உள்ளே நுழையாமலே கோப்பை ஏற்றி, நினைத்த கட்டளையை ஓட்டும் வழி. ஒரு கோரிக்கையிலேயே பெட்டியை முடக்கும் ஓட்டை. பாதுகாப்பு வைத்திருக்கிறோம் என்று நினைத்த வீடியோ ஓடையை யார் வேண்டுமானாலும் பார்க்கும் வழி. மொத்தம் ஆறு. அமெரிக்காவின் செர்ட் ஒருங்கிணைப்பு மையம் இவற்றை உறுதிப்படுத்தி எச்சரிக்கை வெளியிட்டது.

அந்தப் பின்வாசல் பாஸ்வேர்டை வைத்தது யார்? இதற்குத்தான் பதில் கிடைக்கவில்லை. சிப்பிலோ, சிப்போடு தரும் மென்பொருள் தொகுப்பிலோ இந்தக் குறைகள் இல்லை என்றது ஹுவாவே. பெட்டி விற்றவர்களோ பல நாட்டில் பல பெயரில் இருந்தார்கள். மேலுறையும் பிராண்டு ஸ்டிக்கரும்தான் வேறு, உள்ளே ஓடிய நிரல் ஏறக்குறைய ஒன்று. நடுவில் யாரோ ஒருவர் எழுதியதை எல்லோரும் வாங்கி, யாரும் திறந்து பார்க்காமல் விற்றிருக்கிறார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் ஹைசிலிக்கான் சிப் கொண்ட டிவிஆர்களில் இன்னொரு பின்வாசல் அம்பலமானபோதும், குறை தங்கள் சிப்பில் இல்லை என்றே சிப் நிறுவனம் சொன்னது.

வாடிக்கையாளரின் நிலை என்ன? அவர் புகார் கொடுக்கப் போனால் ஸ்டிக்கர் ஒட்டியவர் கைவிரிப்பார். சிப் செய்தவருக்கு இவரைத் தெரியாது. நிரல் எழுதியவர் யார் என்று இவருக்குத் தெரியாது.

தொடாமலே விழும் செல்போன்

சிசிடிவி பெட்டி மலிவானது, அதனால் ஓட்டை இருக்கிறது என்று சமாதானம் சொல்லலாம். லட்ச ரூபாய் செல்போனின் கதை என்ன?

2015 ஜூலையில் ஜிம்பீரியம் நிறுவனத்தின் ஜோஷுவா டிரேக் ஒரு குண்டைப் போட்டார். ஆண்ட்ராய்டில் வீடியோவைக் கையாளும் 'ஸ்டேஜ்ஃபிரைட்' நூலகத்தில் வரிசையாக ஓட்டைகள். செல்போன் நம்பர் தெரிந்தால் போதும், ஒரு எம்எம்எஸ் அனுப்பி உள்ளே நுழையலாம். வந்த வீடியோவை உரிமையாளர் திறக்கக்கூட வேண்டாம். முன்கூட்டியே தயார்செய்து வைப்பதற்காகச் செல்போனே அதைப் பிரித்துப் பார்த்துவிடும். 95 கோடி கருவிகள் ஆபத்தில் இருப்பதாக அந்த நிறுவனம் மதிப்பிட்டது. ஆண்ட்ராய்டுக்கு மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் என்ற ஏற்பாடு அந்த அதிர்ச்சிக்குப் பிறகு வந்ததுதான். மறு ஆண்டு ஆண்ட்ராய்டு 7இல், வீடியோ வேலை செய்யும் பகுதி பல துண்டுகளாக உடைக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறைக்குள் அடைக்கப்பட்டது.

ஆப்பிளும் தப்பவில்லை. 2022 மார்ச் 31 அன்று ஐபோனுக்கும் மேக்குக்கும் அவசர அப்டேட் வந்தது. வீடியோ விரிக்கும் 'ஆப்பிள்ஏவிடி' என்ற கர்னல் பகுதியில் ஓட்டை, அது ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்பட்டிருக்கலாம் என்று ஆப்பிளே சொன்னது. கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான புராஜெக்ட் ஜீரோவைச் சேர்ந்த நடாலி சில்வானோவிச் அதை அக்கக்காகப் பிரித்து விளக்கினார். எச்.264 கோப்பில் ஓர் எண் வரும். எத்தனை மதிப்புகள் பின்னால் வருகின்றன என்று சொல்லும் எண் அது. 32ஐத் தாண்டக்கூடாது என்பது விதி. ஆப்பிளின் நிரலோ அந்த எண்ணைச் சரிபார்க்காமல் நம்பியது. 32 பேருக்கு இடமுள்ள பந்தியில், வாசலில் நின்றவர் சொன்ன கணக்கை நம்பி இலை போட்டுக்கொண்டே போனால் பரிமாறுவது அடுத்த வீட்டுத் திண்ணையில்தான் முடியும். அப்படித்தான் மெமரியில் பக்கத்தில் இருந்தவற்றின் மீது எழுதப்பட்டது. அந்தப் 'பக்கத்து வீடு' கர்னலுக்குச் சொந்தமானது.

இத்தனை நாள் இந்தப் பிழைகள் ஏன் சிக்கவில்லை? வழக்கமான சோதனையில் கோப்பின் சில பிட்களைத் தாறுமாறாக மாற்றி, நிரல் தடுமாறுகிறதா என்று பார்ப்பார்கள். எச்.264இல் எண்கள் மிக இறுக்கமாகப் பின்னப்பட்டிருக்கும். ஒரு பிட்டை மாற்றினால் அதற்குப் பின்னால் வருவது எல்லாம் குப்பையாகும். விரிப்பான் ஆரம்பத்திலேயே கோப்பை நிராகரித்துவிடும், ஆழத்தில் உள்ள பிழை வெளியே வராது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் வில்லி வாஸ்கெஸ், ஹோவாவ் ஷாசம், ஓபர்லின் கல்லூரியின் ஸ்டீபன் செக்கோவே மூவரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பின்னலை முதலில் பிரித்து, வேண்டிய எண்ணை மட்டும் மாற்றி, மறுபடி ஒழுங்காகப் பின்னித் தரும் 'எச்26ஃபோர்ஜ்' என்ற கருவியை உருவாக்கினார்கள். மேலே பார்த்தால் இலக்கணம் தவறாத வீடியோ, உள்ளே பொருந்தாத எண். அதை வைத்துத் தட்டியபோது ஐபோனின் கர்னலிலும், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரிலும், விண்டோஸில் ஓடும் விஎல்சி பிளேயரிலும், பல ஆண்ட்ராய்டு கருவிகளின் வீடியோ வன்பொருளிலும் டிரைவரிலும் ஓட்டைகள் உதிர்ந்தன. 2023இல் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் அவர்கள் வைத்த கட்டுரைக்குத் தலைப்பே 'உலகின் மிக ஆபத்தான கோடெக்'.

பிக்சல் 9 தரும் பாடம்

தனித்தனிச் சிறை போட்டுவிட்டோமே, இன்னும் என்ன பயம் என்று கேட்பவர்களுக்கு 2026 ஜனவரியில் புராஜெக்ட் ஜீரோ பதில் தந்தது. கூகுளின் சொந்தத் தயாரிப்பான பிக்சல் 9 செல்போனை, உரிமையாளர் ஒரு முறைகூடத் தொடாமல் முழுதாகக் கைப்பற்றும் வழியை அந்தக் குழுவே செய்து காட்டியது.

முதல் படி ஒலி. கூகுள் மெசேஜஸ் செயலி, வரும் ஆடியோவை எழுத்தாக்கித் தருவதற்காகத் தானே முன்கூட்டி விரித்துவிடுகிறது. அதற்குப் பயன்படும் டால்பி விரிப்பானில் ஓர் ஓட்டை. அதன் வழியே நுழைந்தவர் சிக்குவது ஸ்டேஜ்ஃபிரைட்டுக்குப் பிறகு கட்டிய அந்தச் சிறைக்குள்தான். ஆனால் அந்தச் சிறையிலிருந்து கைநீட்டினால் எட்டும் தூரத்தில் 'பிக்வேவ்' இருந்தது. ஏவி1 வீடியோவை வேகமாக விரிக்க சிப்பில் சேர்க்கப்பட்ட வன்பொருள் அது. அதன் டிரைவரில் இருந்த பிழையைப் பிடித்து ஆய்வாளர்கள் கர்னலுக்குள் ஏறிவிட்டார்கள்.

டால்பி குறைக்கு 2025 அக்டோபரில் திருத்தம் தயார். பிக்சல் செல்போன்களுக்கு அது போய்ச் சேர்ந்தது 2026 ஜனவரி அப்டேட்டில். இடைப்பட்ட மாதங்களில் திருத்தம் இருந்தும் செல்போன் திறந்தே கிடந்தது. சிப், டிரைவர், இயங்குதளம், செல்போன் என எல்லாவற்றையும் கையில் வைத்திருக்கும் கூகுளுக்கே இந்தத் தாமதம் என்றால், மூன்று கைமாறி வரும் மலிவு செல்போனுக்கு எப்போது வரும்?

இதில் இன்னொரு பாடமும் உண்டு. ஆடியோவை எழுத்தாக்குவது, வீடியோவுக்கு முன்படம் காட்டுவது போன்ற வசதிகள் ஒவ்வொன்றும், அந்நியர் அனுப்பிய கோப்பை நம்மைக் கேட்காமல் பிரிக்கச் செல்போனுக்குக் கொடுக்கும் அனுமதி. விளம்பரத்தில் வசதியாகத் தெரிவது, தாக்குபவருக்குச் சிரமமில்லாத வழி.

அழியும் சாட்சி, கசியும் அந்தரங்கம்

இதெல்லாம் ஆய்வகச் சங்கதி என்று ஒதுக்க முடியாது. 2017 ஜனவரி 12 முதல் 15 வரை வாஷிங்டன் நகரக் காவல்துறையின் கண்காணிப்புக் கேமராக்களில் பெரும்பகுதி எதையும் பதிவுசெய்யவில்லை. டொனால்ட் டிரம்ப் பதவியேற்புக்கு ஒரு வாரம்தான் இருந்தது. 187 பதிவுக் கருவிகளில் 123 பணயத்தொகை கேட்கும் வைரஸின் பிடியில் இருந்தன. நகர நிர்வாகம் பணம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கருவியையும் கழற்றி, மென்பொருளை அழித்து, புதிதாக ஏற்றி மீட்டார்கள். தலைநகரமே அந்தச் சில நாள் பார்வையிழந்து கிடந்தது.

நம் நாட்டுக் கதை இன்னும் கொடுமை. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறைக் காட்சிகள் யூடியூபில் துண்டு துண்டாக வெளிவந்தன. முழுக்காட்சி டெலிகிராமில் விலைக்கு. போலீஸ் தோண்டத் தோண்ட, வேறு பல மாநிலங்களின் மருத்துவமனைகள், பள்ளிகள், அலுவலகங்கள், வீடுகளின் காட்சிகளும் அந்தக் கும்பலிடம் சிக்கியிருந்தது தெரிந்தது. ராஜ்கோட்டில் அந்தக் கருவியைக் காத்து நின்ற பாஸ்வேர்டு 'அட்மின்123' என்று செய்திகள் வெளிவந்தன. சிகிச்சைக்கு வந்த பெண்களின் மானம் ஒரு டிவிஆர் பெட்டியின் ஆலைப் பாஸ்வேர்டை நம்பி இருந்திருக்கிறது.

ஆபத்து மூன்று திசையில் வருகிறது. ஒன்று, கருவியே ஆயுதமாகி மற்றவர்களைத் தாக்குவது. இரண்டு, பதிவு நின்று அல்லது மாறி, நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய சாட்சி அழிவது. மூன்று, படுக்கையறை முதல் பரிசோதனை அறை வரை வெளியே போவது. முதலாவதில் உங்களுக்கு நேரடி நஷ்டம் இல்லை, அதனால் கண்டுகொள்ளவே மாட்டீர்கள். மூன்றாவதில் விஷயம் தெரியவரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

பூட்டினாலும் கசியும்

குறியாக்கம் செய்து அனுப்பினால் பத்திரம்தானே? முழுக்க அல்ல. சுருக்கம் என்பது மாற்றத்தை மட்டும் அனுப்புவது என்று பார்த்தோம். நடிகர் அசையாமல் பேசும் காட்சிக்குக் குறைந்த டேட்டா, சண்டைக் காட்சிக்கு அதிக டேட்டா. உள்ளடக்கத்தைப் பூட்டிவிடலாம், ஆனால் அது ஏறி இறங்கும் அளவு வெளியே தெரியும். நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் போன்றவற்றில் ஒருவர் எந்த வீடியோவைப் பார்க்கிறார் என்பதை, பூட்டைத் தொடாமல் இந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று இஸ்ரேல், அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் 2017இல் நிரூபித்தார்கள்.

இதே குறையை நல்லதுக்கும் திருப்பலாம். இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தின் பென் நாசி குழுவினர், வானத்தில் நிற்கும் டிரோன் நம் வீட்டைத்தான் படம்பிடிக்கிறதா என்று அறிய ஒரு வழி கண்டார்கள். ஜன்னலில் ஒளியைச் சீரான இடைவெளியில் மினுக்குவது. டிரோன் அந்த ஜன்னலைப் படம்பிடித்தால், மினுக்கலுக்கு ஏற்ப அதன் பூட்டிய வீடியோ ஓடையின் அளவும் ஏறி இறங்கும். உளவு பார்ப்பவனை அவன் சுருக்கமே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

2023இல் வெளிவந்த 'ஜிபியு.ஜிப்' ஆய்வு கிராஃபிக்ஸ் சிப்களைப் பற்றியது. மெமரிப் போக்குவரத்து மிச்சமாக இந்த சிப்கள் திரைப் படத்தைத் தாமாகவே சுருக்கிக்கொள்கின்றன, மென்பொருளுக்கே அது தெரியாது. சுருங்கும் அளவு படத்தைப் பொறுத்து மாறுவதால், ஒரு தீய இணையதளம் தன் பக்கத்துக்குள் பொதிந்து திறக்கும் இன்னொரு தளத்தின் புள்ளிகளை ஒவ்வொன்றாக ஊகிக்க முடியும். விக்கிபீடியாவில் உள்நுழைந்திருந்தவரின் பயனர் பெயரை ஆய்வாளர்கள் அப்படி எடுத்துக் காட்டினார்கள். மிக மெதுவான வித்தைதான். ஆனால் இது நிரலில் நேர்ந்த பிழை அல்ல, வடிவமைப்பிலேயே இருப்பது. அப்டேட் போட்டுத் தீர்ப்பது கடினம்.

இந்தியா என்ன செய்கிறது?

அரசு அலுவலகங்களில் உள்ள 10 லட்சம் கேமராக்கள் சீன நிறுவனங்களுடையவை என்று 2021இல் நாடாளுமன்றத்தில் அன்றைய இணையமைச்சர் சஞ்சய் தோத்ரே தெரிவித்தார். அமெரிக்கா 2022 நவம்பரில் ஹிக்விஷன், தாஹுவா உள்ளிட்ட சீன நிறுவனங்களின் புதிய கருவிகளுக்கு அனுமதியை நிறுத்தியது. இந்தியா எடுத்த பாதை வேறு: பிராண்டைத் தடைசெய்யாமல் கருவியைச் சோதிப்பது.

2024 ஏப்ரல் 9 அன்று மத்திய மின்னணு அமைச்சகம் அறிவித்து, நீட்டிப்புக்குப் பிறகு 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் விதி இது. இந்தியாவில் தயாரிக்கும், இறக்குமதியாகும், விற்கும் ஒவ்வொரு சிசிடிவி கேமரா மாடலும் அரசு ஏற்ற ஆய்வகத்தில் தேற வேண்டும். சர்க்யூட் போர்டில் பழுதுபார்ப்பதற்காக விடும் இணைப்புகள் மூடப்பட்டிருக்கின்றனவா, ஃபர்ம்வேர் கையொப்பத்தோடு வருகிறதா, பாஸ்வேர்டு ஏற்பாடு ஒழுங்கா, சிப் எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் கேள்விகள் உண்டு. நிரலையே ஆய்வகத்துக்குக் காட்ட வேண்டும் என்பதற்கு வெளிநாட்டு நிறுவனங்கள் சில முணுமுணுத்தன.

பழுதுபார்க்கும் இணைப்பைக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. பெட்டியைத் திறந்து, போர்டில் மூடாமல் விட்ட அந்த இணைப்பில் சில நூறு ரூபாய்க் கருவி ஒன்றை மாட்டினால் ஃபர்ம்வேர் மொத்தத்தையும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு பெட்டியில் படித்த ரகசியம், அதே மாடலில் உள்ள அத்தனை பெட்டிக்கும் சாவி.

விதி நல்லது. ஆனால் அது கடையில் இருக்கும் புதிய மாடலைப் பார்க்கிறது. ஏற்கெனவே சுவரில் தொங்குபவற்றுக்கு யார் பொறுப்பு? சென்னை மாநகரக் காவல்துறை 'மூன்றாவது கண்' திட்டத்தில் கடைக்காரர்கள், குடியிருப்போர் சங்கங்கள், தொழில் நிறுவனங்கள் என்று எல்லோரையும் சேர்த்துத் தெருவுக்குத் தெரு கேமரா நிறுவியது. திருட்டைக் கண்டுபிடிக்க அவை உதவின, மறுப்பதற்கில்லை. ஆனால் நன்கொடையில் வந்த கேமராவுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் செய்வது யார் வேலை? கொடுத்தவரா, மாட்டியவரா, பார்க்கும் போலீஸா? ஒப்பந்தத்தில் பராமரிப்பு என்றால் பெரும்பாலும் லென்ஸ் துடைப்பதும் ஹார்டு டிஸ்க் மாற்றுவதும்தான்.

இங்கே மற்ற நாடுகளிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிக்கும் ஒரே ஆலைப் பாஸ்வேர்டு வைப்பது சட்டவிரோதம். எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதையும் விற்பவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக அமலாகும்போது, பொதுவாக 5 ஆண்டுக்குக் குறையாமல் ஆதரவு தரும் கடமையும் சேர்கிறது. நம் விதி கருவி விற்கும் நாளில் எப்படி இருக்கிறது என்று கேட்கிறது. ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கோடெக் ஓட்டைகளின் வரலாறு காட்டுவது இதைத்தான். விற்ற அன்று யாருக்கும் தெரியாத பிழை, ஏழெட்டு வருடம் கழித்து ஒரு புதிய சோதனைக் கருவி வந்ததும் வெளியே தெரிகிறது.

■ பெட்டிச் செய்தி: இன்றே செய்யக்கூடியவை
• டிவிஆர், என்விஆர் (நெட்வொர்க் கேமராக்களுக்கான பதிவுப் பெட்டி), கேமரா மூன்றின் ஆலைப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். மாட்டிக்கொடுத்தவர் வைத்த பாஸ்வேர்டும் ஆலைப் பாஸ்வேர்டு மாதிரிதான்.
• வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டிருந்தால் மூடுங்கள்.
• கேமராக்களை வீட்டு வைஃபையிலிருந்து பிரித்துத் தனி நெட்வொர்க்கில் வையுங்கள். பல ரவுட்டர்களில் விருந்தினர் வைஃபை வசதியே இதற்குப் போதும்.
• படுக்கையறை, உடைமாற்றும் அறை, பரிசோதனை அறை ஆகியவற்றில் கேமரா வேண்டவே வேண்டாம்.
• வாட்ஸ்அப், டெலிகிராமில் புகைப்படம், வீடியோ தானாகத் தரவிறங்கும் வசதியை நிறுத்துங்கள்.
• செல்போனில் வரும் பாதுகாப்பு அப்டேட்டை 'பிறகு' என்று தள்ளாதீர்கள். அப்டேட் நின்றுபோன செல்போனில் வங்கிச் செயலி வேண்டாம்.
• புதிய கேமரா வாங்கும்போது 2025 விதிப்படி சோதனை தேறிய மாடலா என்று கேளுங்கள்.

யார் பொறுப்பு?

தவறு, நிரலை எழுதிய புரோகிராமருடையது மட்டும் அல்ல. மெகாபிக்சலையும் விலையையும் பார்த்து வாங்கும் நாம், அப்டேட் தருவாயா என்று கேட்டதில்லை. கேட்காததால் விற்பவர் தருவதில்லை. டெண்டர் போடும் அரசு அலுவலகமும் இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. அங்கே குறைந்த விலைக்காரர் வெல்கிறார், அவருடைய பெட்டியில் நிரல் எழுதியவரின் பெயர்கூட இருப்பதில்லை.

அரசு செய்ய வேண்டியது இரண்டு. விற்கும் ஒவ்வொரு கேமரா, டிவிஆர், என்கோடர், செல்போன் மீதும் எந்த ஆண்டு வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்பது, மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி அச்சிடுவது கட்டாயமாக இருப்பதைப்போல் அச்சாக வேண்டும். பொதுப்பணத்தில் வாங்கும் கேமராக்களுக்கு அந்தக் காலம் முழுவதுக்குமான அப்டேட் டெண்டரிலேயே எழுதப்பட வேண்டும். தேதி தாண்டியவை கழற்றப்பட வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை கேமரா வாங்கக் கடைக்குப் போகும்போது, எத்தனை மெகாபிக்சல் என்பதற்கு முன், எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று கேளுங்கள். கடைக்காரரிடம் பதில் இல்லையென்றால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள்.